மாப்பிள்ளைக் கை

ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் வேலை பார்க்கும் ஆண்கள் கையால் எண்ணெய் தொட மாட்டார்கள். தலைக்கு வைப்பதென்றால்கூட மனைவியைக் கூப்பிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்துகொள்வார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்களுக்கு இது என்ன கொழுப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கொழுப்பு இல்லை, பயம். வருஷத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் இரும்பு ராடைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை அது. மழைக்காலத்தில் ஊருக்கு வந்து சும்மா இருந்தால் ஊறி இளகிவிடும். இளகின கையோடு திரும்பிப் போனால் முதல் நாளே கொப்புளம்தான். அந்த மாதிரிக் கைக்குப் போர்வண்டி ரிக்கில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: மாப்பிள்ளைக் கை. அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்கச் சோறாக்குகிறவன்கூடச் சிரிப்பான்.

அதனால் ஊரில் இருக்கும் மாதங்களில் எல்லோரும் கை காப்பாற்றுவார்கள். மதுமதியின் கணவன் அர்த்தநாரி பதினாறு வருஷமாக ரிக்கில் துளை போடும் டிரில்லர். அவன் வாசலில் பழைய ராடிலிருந்து அறுத்த நாலடித் துண்டு ஒன்று கிடக்கும். விடிந்ததும் அதை நூறு தடவை தூக்கி இறக்கிவிட்டுத்தான் காபியைத் தொடுவான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மதுமதி அந்தக் கையைக் குறை சொன்னதில்லை. சேலையில் பட்டால் நூல் இழுக்கும், கன்னத்தில் பட்டால் கீறும். கீறட்டுமே. ஒன்பது மாதம் இல்லாத கை மூன்று மாதம் கீறினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

இந்த வருஷம்தான் அந்தக் கையைக் கண்டு பயந்தாள்.

மாசி மாதம் ஒரு காலையில், அடுப்பிலிருந்து விறகை இழுக்கக் குனிந்தவளின் முந்தானை, கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் போசியின் காதில் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்தபோது தண்ணீர் முழுக்க வலது தோளிலும் முதுகிலும் இறங்கிவிட்டது. சேலத்தில் இருபத்தேழு நாள் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தோல் எடுத்துத் தோள்பட்டையில் ஒட்டினார்கள். மகன் நாமக்கல்லில் ஹாஸ்டலில் படிக்கிறான். மாமியார் சங்ககிரியில் மூத்த மகன் வீட்டில். அர்த்தநாரி ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் எண்ணூறு அடி ஆழத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். “கொஞ்சம் சுடுதண்ணி பட்டுருச்சுங்க, களிம்பு போட்டிருக்கறேன்” என்று மட்டும் அவனிடம் சொன்னாள், வேறு யாரும் சொல்லிவிடாமல் தடுத்தும் வைத்தாள். அதன் பிறகு நாலு மாதம் வீடியோ காலில் அவன் பார்த்ததெல்லாம் அவள் முகத்தை மட்டும்தான். கழுத்துக்குக் கீழே ஃபோன் இறங்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஆனிக் கடைசியில் வந்தான். பையை வைத்ததும் வழக்கம்போல் அவள் தோளில் கை போட்டான். அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

முதுகைப் பார்த்துவிட்டு அவன் வெளியே போனான். ரிக்கில் துளை இடிந்துபோனால் உட்காருகிற மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். “என்கிட்டச் சொல்லாம உட்டுட்டயே அம்மிணி” என்றான் கடைசியில்.

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி சண்டை மாதிரி விழுந்துவிட்டது. அவன் எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவினான்.

மறுநாள் காலையில் அவள் ஈரத் துணியை இடது கையால் கொடிமேல் வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். பாதித் துணி மண்ணில் விழுந்தது. வலது கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. ஒட்டுப்போட்ட தோல் நாளுக்கு நாள் சுருங்கிக் கையைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தலை சீவ முடியவில்லை. மேல் அலமாரியில் சர்க்கரை டப்பா நாலு மாதமாக அப்படியே இருந்தது. அர்த்தநாரி கொடிக்கயிற்றை அவிழ்த்து அவள் நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டினான். பிறகு அவளைத் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே ஒரு சின்ன கிளினிக். பிசியோதெரபி பார்க்கிற பெண்ணின் பெயர் தனப்பிரியா, ஆத்தூர்க்காரி. பேச்சு வேகம், கை நிதானம்.

“நல்ல தோல் அமுக்கினா அமுங்கும், இழுத்தா நீளும்” என்றாள். “இந்தத் தோல் ரெண்டுமே செய்யறதில்லை. நீங்க கையைத் தூக்கும்போது இது நீளாம, ஓரத்துல இருக்கிற நல்ல தோலைப் புடிச்சு இழுக்குது. வலி அந்த ஓரத்துலதான் வரும். சரியா?”

மதுமதிக்கு ஆச்சரியமாக இருந்தது. வலி எந்த இடத்தில் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“தெனமும் எண்ணெய் போட்டு அமுக்கி அமுக்கி இளக்கணும். மூணு மாசம், ஒரு நாள் விடக் கூடாது. வாரத்துல ஒரு நாள் நான் பார்க்கறேன், மத்த ஆறு நாள் வீட்டுல. இளகிட்டா வலியும் போகும், கையும் எழும்பும். இல்லைன்னா மறுபடி கத்திதான். வீட்டுல யார் போட்டு விடுவாங்க?”

மதுமதி தரையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் வந்து பார்த்தவள்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாள். கூட நாலு பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “எப்பேர்ப்பட்ட மேனி, இப்பிடி ஆயிப்போச்சே” என்று எழவு வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சாத்திய முதுகை மதுமதி அதன் பிறகு ஒருத்திக்கும் திறந்து காட்டவில்லை.

“நான் போடறனுங்க” என்றான் அர்த்தநாரி.

தனப்பிரியா அவன் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மேஜையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பிடியை எடுத்தாள். நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூல். “இதை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல வளைஞ்சுடும். அதனால எங்க தொட்டாலும் ஒரே அழுத்தம்தான்” என்று சொல்லி மதுமதியின் தழும்போரத்தில் வைத்தாள்.

“ஸ்ஸ்... ஊசிங்க.”

“ஊசி இல்லைக்கா, அதே நூல்தான். சார், நீங்க கண்ணை மூடிக்குங்க. தொட்டா சொல்லுங்க.”

அவன் கண்ணை மூடிக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “தொடுங்க” என்றான்.

“மூணு தடவை தொட்டுட்டேன்.”

மதுமதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த நூல் அவன் உள்ளங்கையில் வளைந்தபோதெல்லாம் அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவளைக் குத்திய அதே நூல்.

“எனக்கு நரம்பு செத்துப்போச்சுங்களா?” என்று அவன் கேட்டான்.

“நரம்பு நல்லாத்தான் இருக்கு. மூணு கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறவரைத் தொட்டா அவருக்கு எப்படித் தெரியும்? உங்க தோல் அவ்வளவு கனம். எவ்வளவு அழுத்தறோம்னு உங்களுக்கே தெரியாது. இந்தக் கையால அவங்க முதுகைத் தொடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில தெனமும் கால் மணி நேரம் ஊற வெச்சு, மெதுவாத் தேய்ச்சு எடுங்க. இருபது நாள்ல சரியாயிடும்.”

பஸ்ஸில் வரும்போது அவன் உள்ளங்கையை முன்சீட்டுக் கம்பியில் வைத்தான், வேட்டியில் வைத்தான், கடைசியாகத் தன் கன்னத்தில் வைத்தான். “அப்ப இத்தன வருசம் உன்னத் தொட்டதெல்லாம்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கு அழுகை வந்தது. நீங்க தொட்டதெல்லாம் எனக்குத் தெரிஞ்சுதுங்க என்று சொல்ல நினைத்தாள். பஸ்ஸில் எப்படிச் சொல்வது?

இருபது நாள் என்றால் இருபது நாள் பொறுக்கிறவனா அவன்? ஒரே நாளில் எண்ணூறு அடி இறக்குகிறவன். அன்றைக்குச் சாயங்காலமே ராட் மரையைத் துடைக்க வைத்திருந்த உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தான். துரு எடுக்கிற மாதிரி வலது கையை இடது கையாலும் இடது கையை வலது கையாலும் தேய்த்தான். கெட்டித் தோல் போகப் போக ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது ரத்தம் வந்திருந்தது. மதுமதி ஓடிப்போய்ப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் உரித்த தக்காளி.

“ஏனுங்க, கையா இரும்பா இது? கூறு இருக்குதா உங்களுக்கு?” என்று கத்தினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

“காத்துப் பட்டாலே எரியுது அம்மிணி” என்றான் அவன், ஏதோ அதிசயம் கண்டவன் மாதிரி.

தனப்பிரியா திட்டித் தீர்த்துவிட்டுக் கட்டுப் போட்டு அனுப்பினாள். இரண்டு கையும் பொட்டலம் கட்டினது போல இருந்ததால் அவனால் சாப்பிட முடியவில்லை. மதுமதிதான் பிசைந்து ஊட்டினாள். அவன் நெட்டை ஆள், உட்கார்ந்தாலும் வாய் உயரத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் அவள் வலது கை இழுத்தது, ஓரம் சுரீர் என்றது. அவன் குனிந்து குனிந்து வாங்கினான். “குனியாதீங்க, என்ற கை நீளோணும்” என்றாள். அப்படிப் பதினைந்து நாள் ஓடியது. கல்யாணமான புதிதில்கூட இப்படி எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சீக்கிரம் ஆறக் கூடாது என்றுகூட ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டாள்.

ஆடி நடுவில் புதுத்தோல் வந்தது. சிவப்பாக, மினுமினுப்பாக, குழந்தையின் குதிகால் மாதிரி. ஒரு மத்தியானம் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் முதல் தடவையாகத் தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டான். வைக்கப் பயந்து ரொம்ப நேரம் வைக்காமலே இருந்தான். பிறகு நாலு விரல் வந்து படிந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குத்தவில்லை.

“இங்க ஒரு வரப்பு இருக்குது” என்றான் அவன் மெதுவாக. “இது வரைக்கும் உன்ற தோலு. இதுக்கு அக்கட்ட ஒட்டுப்போட்டது. அது கொஞ்சம் குளுந்து கெடக்குது. இங்க ஒரு மயிர்... அம்மிணி, எனக்குத் தெரியுது.”

அவள் முதுகை அவன் விரல் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஒரு நாள் தவறவில்லை. அமுக்கினான், சுற்றினான், கட்டைவிரலால் ஓரத்தை நீவினான். எங்கே இறுக்கம், எங்கே இளக்கம் என்று அவளுக்கு முன்னால் அவன் விரலுக்குத் தெரிந்தது. “இன்னைக்கு இந்த மூலை கொஞ்சம் இளகிக் குடுக்குது” என்பான், துளையில் வருகிற மண்ணைப் பார்த்துச் சொல்கிற அதே குரலில். வாரம் ஒரு தடவை கொடிக்கயிற்றை நாலு விரல் உயர்த்திக் கட்டினான். வாசலில் கிடந்த ராட் துண்டின் மேல் துரு ஏறியது. ஆவணி முடியும்போது கொடி அவள் கண் உயரத்துக்கு வந்திருந்தது. ஆயுத பூஜை முடிந்துதான் வண்டி கிளம்பும், அதற்குள் மூன்று மாதம் ஏறக்குறைய நிறைந்துவிடும் என்று அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

புரட்டாசி பிறந்த அன்று முதலாளியிடமிருந்து ஃபோன் வந்தது. அங்கே மழை சீக்கிரமே நின்றுவிட்டது, வண்டி திங்கட்கிழமை கிளம்புகிறது, பூஜையைப் போகிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அவன் ஃபோனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் ராட் துண்டைத் தூக்கினான். இருபது தடவைகூட ஆகவில்லை, கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான். மதுமதி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதீங்க என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை. இப்போது அந்த வார்த்தை நாக்கு நுனிக்கே வந்து நின்றது. எனக்கு நீங்க வேணும், முதுகுக்கு மட்டுமில்லை, எனக்கு வேணும் என்று சொல்லியே விட்டிருப்பாள்.

அவன்தான் முதலில் பேசினான். “மாப்பிள்ளைக் கை ஆயிப்போச்சு அம்மிணி. சின்னுசாமி சிரிக்கப் போறான்.” சின்னுசாமி ரிக்கில் சோறாக்குகிறவன். அர்த்தநாரி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் கண்ணில் பயம் இருந்தது. ஆறு ஆள் நம்பி நிற்கிற டிரில்லர், பதினாறு வருஷம் கட்டிக் காத்த கையை அவள் முதுகில் கரைத்துவிட்டு நிற்கிறான். இவனிடம் போய் இன்னும் என்ன கேட்பது?

“போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

“முதுகுக்கு யாரு போடுவாங்க?”

“பாத்துக்கறேங்கறனல்லங்க.”

போய்விட்டான். அவள் இடது கையை வளைத்து எட்டிப் பார்த்தாள், ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தைக்கூட விரல் தொடவில்லை. கரண்டியில் துணி சுற்றித் தேய்த்தாள். கரண்டிக்கு எங்கே இறுக்கம் என்று தெரியுமா? பத்தாம் நாள் காலையில் துணி காயப்போடும்போது ஓரம் பழையபடி சுரீர் என்றது. கயிற்றை அவிழ்த்து நாலு விரல் இறக்கிக் கட்டினாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் திருடினவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான். லாரி மட்கார்டில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பேசுவான். முகம் நன்றாகத் தெரியும். பதினோராம் நாள், அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சட்டென்று புரிந்தது. முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஃபோனை வைக்கிற வித்தை அவளுக்குத் தெரியாததா?

“ஏனுங்க, கையைக் காட்டுங்க.”

“கைக்கு என்ன? நல்லாத்தான் இருக்குது.”

“காட்டுங்க.”

வலது கையைத் தூக்கினான். கொப்புளங்கள் உடைந்து, அதற்குள் மறு கொப்புளம் வந்து, உள்ளங்கை முழுக்கப் புண்.

“நோவுதுங்களா?”

“நோவுது.” கொஞ்சம் நிறுத்திச் சிரித்தான். “இன்னும் பத்து நாள்தான். காய்ச்சுப் போயிரும், பொறவு ஒண்ணும் தெரியாது.”

ஒன்றும் தெரியாது. அந்த வார்த்தை அவளை அறைந்தது. அந்த நோவு இந்த நிமிஷமே நிற்க வேண்டும் என்று மனசு பதைத்தது. அதே மனசு, நின்றுவிட்டால் அந்த வரப்பும் அந்தக் குளிர்ச்சியும் அவன் விரலிலிருந்து போய்விடுமே என்றும் கிடந்து அடித்துக்கொண்டது. இப்படியும் ஒரு பொம்பளை நினைப்பாளா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

“இன்னொரு கை?” என்றாள்.

அவன் தயங்கினான். பிறகு இடது கையைத் தூக்கினான். அதில் தடித்த தோல் உறை மாட்டியிருந்தது. பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். உள்ளே கை சிவப்பாக, மினுமினுப்பாக, எண்ணெய் தடவி இருந்தது.

“ராடு புடிக்கறதுக்கு வலது கை போதும், அதுல உறை போட்டா வழுக்கும். இது லீவர் தள்ளற கை, உறை போட்டாலும் தள்ளலாம். சின்னுசாமிகிட்டத்தான் பொழுதோட எண்ணெய் வாங்கித் தடவறேன். ரிக்கு மொத்தமும் சிரிக்குது, சிரிச்சிட்டுப் போறானுங்க.” அவன் அந்தக் கையைக் கேமரா பக்கம் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தான். “ஒரு கையாவது காப்பாத்தி வெக்கோணுமல்ல அம்மிணி. ஆனி வரைக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள்.

“கொடி எங்க இருக்குது இப்ப?” என்று கேட்டான்.

பொய் வாயில் தயாராக இருந்தது. “நாலு விரல் எறக்கிட்டனுங்க” என்றாள்.

அவன் திட்டவில்லை. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஃபோனை வைத்ததும் மதுமதி வாசலுக்குப் போய்க் கொடிக்கயிற்றைப் பழைய முடிச்சுக்கு ஏற்றிக் கட்டினாள். கட்டும்போது தோள் கத்தியது. அப்புறம் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, இடையில் எங்கேயும் நின்றால் மனசு மாறிவிடும் என்று விறுவிறுவென நடந்து, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். சென்னம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த முதுகுக்குத் தெனமும் எண்ணெய் போட்டு அமுக்கி உடோணும். மூணு மாசத்துக்கு. பாத்துட்டு ஒண்ணும் சொல்லப்படாது.”

சென்னம்மாள் முறத்தைக் கீழே வைத்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மதுமதி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ரவிக்கையைத் தளர்த்தினாள். பின்னால் பெருமூச்சு ஒன்று கேட்டது, வார்த்தை எதுவும் வரவில்லை. பிறகு விரல்கள் வந்து பட்டன. மெத்தென்ற விரல்கள்தான், வீட்டு வேலை செய்கிற ஒரு பெண்ணின் விரல்கள். எங்கே வரப்பு, எங்கே இறுக்கம் என்று அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. மதுமதி இடம் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். “இன்னும் கொஞ்சம் கீழ. அதுக்கு அக்கட்ட. ஆமாங்க, அங்கதான், அந்த ஓரம்.” அவன் தினமும் முதலில் கட்டைவிரல் வைக்கும் இடம் அது.

சென்னம்மாள் அமுக்கினாள். மதுமதியின் தோள் குலுங்கியது.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, “நோவுதா சாமி?” என்று கேட்டாள் சென்னம்மாள்.

“இல்லீங்கக்கா” என்று மதுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நோவு ஒண்ணும் இல்லீங்க. நீங்க அமுக்குங்க.”